கணக்கில் வராத இருபத்திரண்டு நிமிடங்கள்

மார்ச் 3, ஞாயிறு

நேற்று எழுதியதில் ஒரு தவறு. எங்கள் வீட்டுக் குளியலறை காலையில் மொத்தம் 96 நிமிடம் பயன்படுகிறது என்று எழுதியிருந்தேன். சரியான கூட்டல் 106. அக்காவின் 38ஐ 28 என்று வாசித்துவிட்டேன். எழுதியதும் நான்தான், வாசித்ததும் நான்தான். பொருளாதார மாலை வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதமாகியும் கூட்டலில் தடுமாறுகிறேன்.

திருத்திய பட்டியல்: அப்பா 15, அக்கா 38, மாமா 25, தங்கை 17, நான் 11.

அம்மாவைச் சேர்க்கவில்லை. நாங்கள் கண் விழிக்கும்போதே அவள் தலை துவட்டி முடித்து, தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள்.

எல்லாருக்கும் குளியலறை வேண்டியிருப்பது ஆறரைக்கும் ஏழு நாற்பதுக்கும் நடுவில். அதாவது எழுபது நிமிடத்துக்குள் நூற்றாறு நிமிடத்தைத் திணிக்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே இன்னொரு குளியலறை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் சுவருக்குள் குழாய் உடைந்ததிலிருந்து மூடிக் கிடக்கிறது. ஏதோ ஒரு பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம். இப்போது அந்தக் கதவை மறைத்துக்கொண்டு, சக்கரம் வைத்த பலகையில் அம்மாவின் துணி மூட்டைகளும் தலையில்லாத அளவுப் பொம்மையும் நிற்கின்றன.

இதில் பாதிக்கப்படுவது நான். மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை வரும் சனிக்கிழமையோடு முடிகிறது. காலை எட்டரைக்குள் வராமல் மூன்று முறை தாமதித்தால் நிரந்தரம் கிடையாது என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இரண்டு முறை ஆகிவிட்டது. முதல் முறை மாமா உள்ளே உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். இரண்டாம் முறை அக்கா தலைக்குக் குளித்தாள். நிரந்தரமானால்தான் அடுத்த பருவத்துக்கு வகுப்புக் கட்டணம் கட்ட முடியும். ஆகவே ஆறு நாள். ஒரு நாள்கூடத் தவறக்கூடாது.

இன்னொன்று. விடியற்காலை ஐந்து பதினெட்டிலிருந்து ஐந்து நாற்பது வரை என் அறைச் சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் மாடிக் குளியலறை இருட்டாக, கதவு திறந்தபடி இருக்கிறது. இருபத்திரண்டு நிமிடம். அம்மாவிடம் கேட்டேன்.

"டேங்க்ல காத்து அடைச்சிருக்கும்டி" என்றாள்.

எந்தக் கணக்கிலும் சேராததால் தனியாக எழுதி வைக்கிறேன். என் கடிகாரம் தவறாகவும் இருக்கலாம்.

மார்ச் 4, திங்கள்

காலையில் அக்கா கதவைத் தட்டுவதற்குள் எழுந்து ஓடிக் குளித்துவிட்டேன். இது ஒரு முறைதான் நடக்கும். இனி அவளும் சீக்கிரம் எழுந்துவிடுவாள்.

மாலை வகுப்பில் ஆசிரியர் விலையைப் பற்றிப் பேசினார். வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "விலை இல்லாத பொருளுக்கு வரிசைதான் விலை. காசா குடுக்கலேன்னா காலா குடுக்கணும், நின்னுக்கிட்டே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் மாடி நடையில் அவர் வந்து நின்று பார்த்த மாதிரியே இருந்தது.

சாப்பிடும்போது சொன்னேன். "நம்ம பாத்ரூமுக்கு விலை வைக்கணும்."

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஊரில் ஓடும் பஸ்களையெல்லாம் நேரத்துக்கு அனுப்புகிறவர். "என் வீட்டுல நான் குளிக்க நான் காசு குடுக்கணுமா?" என்றார்.

"காசு இல்லப்பா. பொத்தான். ஒரு வாரத்துக்கு ஆளுக்கு முப்பது வெள்ளைப் பொத்தான். பத்து பத்து நிமிஷமா பிரிச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒரு சீட்டுன்னு ஏலம் விடுவோம். யாருக்கு எந்த நேரம் ரொம்பத் தேவையோ அவங்க அதிகம் குடுப்பாங்க. யாரும் யாரையும் திட்ட வேண்டாம்."

"பொத்தானுக்கு எங்க போறது?" என்றாள் அக்கா.

அம்மா சட்டென்று எழுந்து போய்ப் பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த டப்பாவை யாரும் தொடக்கூடாது. போன வருடம் தங்கை பள்ளிக்கூடத்துக்கு என்று நாலு பொத்தான் எடுத்ததற்கு அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

"எத்தனை வேணும்? எண்ணிக்கோ" என்றாள்.

என் படிப்பின் மேல் அம்மாவுக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று கண் கலங்கிவிட்டது.

"உனக்கும் முப்பதும்மா."

"எனக்கெதுக்கு? நான்தான் நீங்கள்லாம் எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடுறேனே. ஏலத்துல வர்ற பொத்தான் எல்லாம் டப்பாவுக்கே வந்து சேரணும், அவ்வளவுதான்."

மாமா அம்மாவின் தம்பி. வீட்டுத் தரகர். தனக்கு வீடு கிடைக்கும்வரை இரண்டு வாரம் தங்கிக்கொள்கிறேன் என்று வந்து மூன்று வருடம் ஆகிறது. பதினொரு மணிக்கு முன்னால் அவருக்கு வெளியே வேலை கிடையாது. அவர் கை தூக்கினார்.

"தினமும் எதுக்கும்மா ஏலம்? சனிக்கிழமை வரைக்கும் இன்னைக்கே மொத்தமா விட்டுடலாமே. நேரம் மிச்சம்."

நல்ல யோசனையாகத் தோன்றியது. தொடக்க விலையை இரண்டு பொத்தான் என்று வைத்தேன்.

ஆறரை அப்பாவுக்குப் போனது. ஆறு நாற்பதும் ஆறு ஐம்பதும் அக்காவுக்கு. ஏழு, ஏழு பத்து, ஏழு இருபது ஆகிய மூன்றையும் ஐந்து நாளுக்கும் சேர்த்து மாமா கேட்டார். பதினைந்து சீட்டு, முப்பது பொத்தான், ஒரே மூச்சில். கடைசி ஏழரை தங்கைக்கு.

எல்லாவற்றையும் கட்டம் போட்டு அழகாக எழுதி முடித்தேன். எழுதுவதில் மும்முரமாக இருந்ததால் ஏலம் கேட்க மறந்துவிட்டேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மார்ச் 5, செவ்வாய்

ஏழு பத்துச் சீட்டுக்காக மாமாவின் கட்டிலருகே போய் நின்றேன். அவர் போர்வைக்குள்ளிருந்தே பேசினார்.

"ஏழு பத்தா? நல்ல இடம். வெளிச்சம், காத்து, உன் அக்கா தலைமுடி இல்லாத தரை. எட்டு பொத்தான்."

"நீங்க ரெண்டுக்குத்தானே வாங்கினீங்க?"

"வாங்கும்போது காலி மனை. இப்ப ஊர் வளர்ந்துடுச்சு. சரி, நீ வீட்டுப் பொண்ணு. ஆறு குடு."

கொடுத்தேன். முப்பத்தெட்டு நிமிடத்தை இருபதில் அடக்க முடியாத அக்கா ஏழு மணிச் சீட்டுக்கு எட்டு கொடுத்தாள். வாங்கி விற்பதைத் தடை செய்ய வேண்டும் என்று மாலையில் அம்மாவிடம் முறையிட்டேன்.

"விக்கட்டும்" என்றாள் அம்மா. "ஆனா விக்கிறதுல அஞ்சுக்கு ஒண்ணு டப்பாவுல போடணும்."

"அது வரி!" என்றேன். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"எதுக்கு வரி?" என்று மாமா கொதித்தார்.

"பாத்ரூமைக் கழுவுறது யாரு?"

மாமா குரலை இறக்கினார்.

"அக்கா, நான் உன் கூடப்பொறந்த தம்பி!"

"அதனாலதான் அஞ்சுக்கு ஒண்ணு. இல்லேன்னா ரெண்டு."

வெளியே காத்து நின்ற நேரத்தில் சும்மா இருக்காமல், ஆறரை முதல் ஏழு நாற்பது வரை வீட்டில் அம்மாவை எத்தனை முறை கூப்பிடுகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணினேன். "அம்மா", "அக்கா", "ஏம்மா, என் சாக்ஸ் எங்க" எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. அம்மாவிடம் காட்டினேன்.

"குறைச்சலா இருக்கே" என்று சொல்லிவிட்டு நூலைக் கடித்து அறுத்தாள்.

மார்ச் 6, புதன்

ஏழு பத்துச் சீட்டு ஒன்பது பொத்தானாகிவிட்டது. "வரி ஏத்திட்டாங்களே, நான் என்ன பண்ண?" என்றார் மாமா. வரி இரண்டு பொத்தான்கூட வராது. மீதி மாமாவின் மனவருத்தத்துக்கு.

கையில் பதினைந்துதான் மிச்சம். இன்னும் மூன்று நாள். அம்மாவிடம் போய், ஆளுக்கு இன்னும் இருபது பொத்தான் கொடுத்தால் எல்லாருடைய கஷ்டமும் தீரும் என்று சொன்னேன். மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தாள்.

ஐந்து நிமிடம் கழித்து மாமா நாளைய விலையை அறிவித்தார். இருபது.

"மாமா, அநியாயம்!"

"எல்லார் மடியிலயும் பொத்தான் குலுங்குதே. அப்புறம் பொத்தானுக்கு என்ன மரியாதை?"

வகுப்பில் பணவீக்கம் என்ற பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதை வகுப்பு நோட்டில் மாமா சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டேன். இன்றைய வகுப்பில் ஆசிரியரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்: "சார், ஒருத்தர் கையிலயே எல்லாச் சரக்கும் இருந்தா என்ன பண்ணணும்?"

"பக்கத்துல இன்னொரு கடை போடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா ஒரு எலிப்பொறியோடு உட்கார்ந்திருந்தார். தினமும் விடியற்காலையில் மாடிப்படிக்குக் கீழே கீச் என்று சத்தம் கேட்டுத் தூக்கம் கலைகிறதாம்.

"ஒரே எலிதான். சரியா அஞ்சு பதினேழுக்கு ஒரு தடவை, அஞ்சே முக்காலுக்கு ஒரு தடவை. டிப்போவுல ஒரு டிரைவர் இப்படி வந்ததில்ல."

"பொறியெல்லாம் வேண்டாங்க. என் துணியில ரத்தக் கறை படும்" என்று அம்மா அதை வாங்கிப் பரண்மேல் வைத்துவிட்டாள். எலிக்கும் இரங்குகிற மனசு.

மார்ச் 7, வியாழன்

பின்பக்கச் சுவரோரம் ஒரு குழாய் இருக்கிறது. துணி அலசுவதற்கானது. காலை ஆறரைக்கு நானும் தங்கையும் அதைச் சுற்றி ஒரு பழைய திரைச்சீலையைக் கட்டி, வாளி, ஸ்டூல், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வைத்தோம். பல் தேய்த்து முகம் கழுவ இரண்டு பொத்தான். முழுக் குளியல் நாலு. பதினைந்து வயதுக்குத் தங்கையின் வியாபார மூளை எனக்குப் பயம் தருகிறது. துண்டுக்குத் தனியாக ஒரு பொத்தான் வாங்கினாள்.

அப்பா வந்தார். அக்கா பல் தேய்க்க வந்தாள். மாடியிலிருந்து இதைப் பார்த்த மாமா ஜன்னல் வழியாகக் கத்தினார். "ஏழு பத்து, பன்னெண்டு! ... சரி, எட்டு! ... அஞ்சு! வெந்நீரோட அஞ்சு!"

ஐந்து பொத்தானுக்கு வெந்நீரில் குளித்துவிட்டு எட்டு இருபதுக்கே கடைக்குப் போய்விட்டேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் ஒருவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

மாலையில் திரும்பியபோது திரைச்சீலை மடித்து நாற்காலியில் இருந்தது.

"இனிமே பின்பக்கம் யாரும் போகக்கூடாது" என்றாள் அம்மா. "சுவத்துல ஈரம் ஏறுது."

"அம்மா, போட்டி இருந்தாத்தான் விலை குறையும்—"

"போட்டி வேணும்னா தெருவுல போய் ஓடு. பின்பக்கம் கூடாதுன்னா கூடாது."

இவ்வளவு கோபமாக அம்மா பேசி நான் பார்த்ததில்லை. சுவரைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. ஆனால் குழாய்க்கு எதிர்ப்பக்கம், சின்ன ஜன்னலுக்குக் கீழே. ஈரம் எப்படி ஊறிப் போகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாத பாடம்.

நாளைய சீட்டு இருபத்தைந்து என்று மாமா அறிவித்தார். கடைக்கு முதலீடாகத் தங்கையிடம் ஒன்பது கொடுத்தது போக என்னிடம் இருபத்தொன்று. ஆனால் தங்கை எழுந்து, பாவாடைப் பையிலிருந்து பிடி பிடியாகப் பொத்தானை எடுத்து மேஜைமேல் கொட்டினாள். "நாளைக்கு ஏழும், ஏழு பத்தும் எனக்கு. அக்கா, ஏழு பத்தை உனக்குச் சும்மா தர்றேன். நீ எனக்குக் கடை வைக்கக் கத்துக் குடுத்தல்ல."

கடை நடந்ததே ஒரு காலைதான். இவ்வளவு லாபமா என்று வியந்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. இதையும் தவறுகளில் சேர்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

காலை தப்பித்தேன். மாலை தப்பிக்கவில்லை.

இன்று வகுப்பு இல்லை. ஆறு மணிக்கு டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தார். தன்னிடம் வேலை பார்ப்பவர்களுக்கு எட்டு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார். அம்மா பெருமையோடு அடுக்கை எடுத்து நீட்டினாள். அவர் மேலே இருந்த ஒன்றை விரித்து மாட்டிப் பார்த்தார். இழுத்து மூடினார். அது மூடவில்லை.

"என்னம்மா இது? வண்டியில ஏசி இல்லைன்னு சொன்னேன், அதுக்காக இவ்வளவு காத்தோட்டமா?"

எட்டுச் சட்டையிலும் ஒரு பொத்தான்கூட இல்லை. நறுக்கிய நூல் முனைகள் மட்டும் வரிசையாக நின்றன. அம்மா மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குத் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

"அவதான் பொத்தான்னா பணம்னு சொன்னா" என்றாள் தங்கை.

நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, அம்மா கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"இந்த நிமிஷத்துலேர்ந்து வெள்ளைப் பொத்தான் செல்லாது. யார்கிட்ட எத்தனை இருக்கோ அத்தனையும் டப்பாவுக்கு வரணும். பதிலுக்கு ஆளுக்கு ஆறு பழுப்புக் கோட்டுப் பொத்தான். இனிமே அதுதான் செல்லும்."

"அக்கா!" மாமா எழுந்தேவிட்டார். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். "எங்கிட்ட தொண்ணூத்திநாலு வெள்ளை இருக்கு!"

"ஆளுக்கு ஆறு."

"உழைச்சுச் சேத்ததுக்கா!"

"படுத்துக்கிட்டே சேத்தது."

மாமா மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு டப்பாவைத் திறந்து திறந்து மூடினார். பாவமாக இருந்தது. இரண்டு படி கீழே நானும் போய் உட்கார்ந்தேன். "மாமா, நாளைக்கு ஏழு பத்து... ஆறு பழுப்பும் தர்றேன். நாளையோட எனக்கு வேலை நிரந்தரம்."

"விக்கிறதா இல்ல" என்றார். "எங்கிட்ட இருக்கிற ஒரே சொத்து நாளைக்கு மூணு சீட்டு. ஏழுலேர்ந்து ஏழரை வரைக்கும் நானே குளிக்கப் போறேன். மொத்தமும். இந்த வாரத்துல நான் ஒரு நாளாவது நிம்மதியா குளிச்சேனா? வித்துட்டு, பதினோரு மணிக்குப் பச்சைத் தண்ணியில குளிச்சேன்."

எல்லாரும் உட்கார்ந்து பொத்தான் தைத்தோம். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அம்மா அதை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். கடைசியில் அப்பாதான் பேச்சை மாற்றினார். "நாளை மறுநாள் ஞாயித்துக்கிழமை. எனக்கு லீவு. காலையில ஆறு மணிக்கு அந்த மூட்டையெல்லாம் நகர்த்திடுறோம். எலி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அம்மா ஊசியை விரலில் குத்திக்கொண்டாள்.

மார்ச் 9, சனி

சொன்னபடியே மாமா ஏழு மணிக்கு உள்ளே போனார். ஏழரைக்கு அவர் வெளியே வர முயன்றபோது தாழ்ப்பாள் நகரவில்லை. இந்த வாரம் ஆளாளுக்குப் பதற்றத்தில் படீர் படீரென்று சாத்தியதில் அது வளைந்துபோயிருந்தது.

"அக்கா!" என்று உள்ளேயிருந்து மாமா.

"தள்ளு, தள்ளு" என்று வெளியேயிருந்து அப்பா.

"தள்ளினா வராதுப்பா, இழுக்கணும்" என்று அக்கா.

மாமா ஜன்னலை எட்டுவதற்காகக் குழாய்மேல் காலை வைத்தார். குழாய் கையோடு வந்தது, அதாவது காலோடு. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வர ஆரம்பித்தது. ஏழு முப்பத்தாறு. என் பஸ் ஏழு நாற்பது.

சமையலறைத் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆணியில் தொங்கிய கடைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன். பஸ் ஏறிய பிறகுதான் கவனித்தேன். வெள்ளைக் கோட்டு. ஐந்து இடத்திலும் நூல் முனைதான் இருந்தது. நேற்று மாலை, வெள்ளைப் பொத்தான் செல்லாமல் போவதற்கு முன்பே இந்த வேலை நடந்திருக்க வேண்டும். தங்கை எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல.

எட்டு இருபத்தேழுக்குக் கடையில் நின்றேன், இரண்டு கைகளாலும் கோட்டைப் பிடித்துக்கொண்டு. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நேரத்துக்கு வந்துட்ட. பொத்தான் எங்க?"

"பணமாயிடுச்சு சார். அப்புறம் செல்லாமப் போயிடுச்சு."

இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடிச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். "இதை வச்சுக் கட்டு. திங்கக்கிழமையிலேர்ந்து நீ நிரந்தரம். முதல் சம்பளத்துல பொத்தான் வாங்கிடு."

ஐந்து நாள் சந்தை நடத்தியதில், மூன்றாவது தாமதம் இல்லாமல் கடைசி நாளைக் கடந்தது குளிக்காமல் போனதால்தான். இதை வகுப்பில் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மாலையில் வந்தபோது மாமா கூடத்தில் படுத்திருந்தார். ஒன்பது மணிக்கு அப்பா சுத்தியலால் தாழ்ப்பாளை உடைத்து அவரை வெளியே எடுத்தாராம். ஒன்பது சீட்டு அதிகமாகவே உள்ளே இருந்திருக்கிறார். அதற்கு அம்மா வரி கேட்கவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் சட்டைகளை வாங்கிப் போய்விட்டார். மாடியில் ப்ளம்பர் வந்து குழாயை மாற்றிக்கொண்டிருந்தார். விளக்கு நனைந்து எரியாததால், நான் மேலே போய் டார்ச் பிடித்தேன்.

சும்மா நிற்பானேன் என்று கேட்டேன். "அண்ணே, கீழ பாத்ரூமுக்கு வெளியூர்லேர்ந்து வரணும்னு சொன்னீங்களே, அந்தப் பாகம் எப்ப வரும்?"

"எந்தப் பாகம்?" என்று குனிந்தபடியே கேட்டார். "அதை மாத்தி அஞ்சு மாசம் ஆச்சேம்மா! போன வாரம்கூட உங்க அம்மா கூப்பிட்டாங்களே, விடியக்காலையில குளிக்கப் போகும்போது கதவுக் கீல் கீச்சுங்குது, வீட்டுல முழிச்சுக்கிறாங்கன்னு. அது தச்சர் வேலை, நான் தொடமாட்டேன்னுட்டேன்."

நான் டார்ச்சோடு படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன். "வெளிச்சத்தை இங்க காட்டும்மா" என்றார்.

கீழே வந்தேன். அம்மா மிஷினில் இருந்தாள். அப்பா பரணிலிருந்து எடுத்த எலிப்பொறியின் கம்பியை இழுத்து இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"காலையில ஆறு மணி. மறந்துடாதீங்க. ஆளுக்கு ஒரு மூட்டை" என்றார்.

அம்மாவின் கால் மிதிக்காமல் நின்றது. அந்தச் சின்ன ஜன்னலையும், சக்கரப் பலகையையும், அம்மாவைக் கூப்பிட்டதற்கு நான் போட்ட நாற்பத்தொரு கோடுகளையும் நினைத்துக்கொண்டேன்.

"அப்பா, அந்த எலியை நான் பிடிச்சுட்டேன்" என்றேன். "இன்னைக்குக் காலையில. கொண்டுபோய்த் தூரமா விட்டுட்டேன்."

"நீயா? முகம்கூடச் சரியா கழுவாம ஓடின, அந்த அவசரத்துல எலி பிடிச்சியா?"

"பஸ்ஸுக்குப் போற வழிதானே."

அப்பா என்னை ஒரு டிரைவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சரி. நாளைக்குக் காலையில அஞ்சு பதினேழுக்குக் காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருப்பேன். கீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சோ, மூட்டையெல்லாம் தெருவுல."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அம்மா தலை நிமிரவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் கோட்டு ஆணியில் தொங்கியது. ஐந்து பழுப்புப் பொத்தான் தைத்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன, வரி பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் அந்த இருபத்திரண்டு நிமிடத்தைச் சேர்க்கவில்லை. 106 என்பதே இருக்கட்டும்.

நாளை செய்ய வேண்டியது: நாலரைக்கு எழுந்து, தையல் மிஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே உள்ள கதவின் இரண்டு கீல்களுக்கும் மூன்று மூன்று சொட்டு விட வேண்டும்.